முட்டி போட வைப்பதும் அடிதான்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பள்ளிகளில் பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

சாயங்காலம் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துப் பக்கம் வருகிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் உங்களைப் போலவே விசிலும் கையுமாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார மனம் வராமல், ஓட ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு அங்கே கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் ஸ்டார்ட் பழக்கிக்கொண்டிருந்தேன். ‘ஆன் யுவர் மார்க்’ என்றதும் வரிசையில் இருந்த எல்லாரும் குனிந்து கையை ஊன்றி ஒரு முட்டியைத் தரையில் வைத்தார்கள். ஒருவன் மட்டும் வைக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையன், நானூறு மீட்டரில் நல்ல கால். முட்டியைத் தரைக்கு நாலு விரல் மேலே நிறுத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்து பேன்ட்டைச் சுருட்டச் சொன்னேன்.

இரண்டு முட்டியிலும் தோல் கன்றிச் சிவந்து சின்னச் சின்னக் குழியாக இருந்தது. சல்லிக்கல் அழுந்திய தடம். இடது முட்டியில் ஒரு குழிக்குள் கடுகளவு கல் ஒன்று அப்படியே பதிந்து கிடந்தது. முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி ஒரு எலும்பு மேடு இருக்குமே, அது வீங்கியிருந்தது. விரலை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டான்.

“என்னடா இது?”

“முட்டி போட்டேன் சார்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு பீரியடு சார். ரெக்கார்டு நோட்டு எடுத்துட்டுப் போகல.”

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவி, அந்தக் கல்லை நகத்தால் எடுத்தேன். அவன் அழவில்லை. எடுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். “சார், இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க பி.இ.டி. சார்தான் போட வெச்சாரு. ஆனா அவரு நல்ல சார்.”

அவர் நல்லவர் என்பதை நானும் நம்புகிறேன். பையனை ஓட்டப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்து, சொந்தக் காசில் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் பெயரையோ பள்ளியின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை, பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டியதை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நம்மில் யாரைக் கேட்டாலும் “இப்பல்லாம் யாரு சார் அடிக்கிறாங்க?” என்றுதான் சொல்கிறோம். பொய் சொல்லவில்லை. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதியை 2003-இல் திருத்தி, உடல் தண்டனையே கூடாது என்று ஆக்கியபோது நான் வேலையில் இருந்தேன். சுற்றறிக்கை வந்தது, ஸ்டாஃப் ரூமில் படித்தோம், கையெழுத்துப் போட்டோம். மேசை மேல் இருந்த பிரம்பு பீரோவுக்குள் போனது. அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். முட்டி போடு, பெஞ்சு மேல் ஏறு, கையைத் தூக்கிக்கொண்டே நில், பையைத் தலையில் வை, சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்கார், நூறு தோப்புக்கரணம் போடு, கிரவுண்டை இருபது சுற்றுச் சுற்று. இவை எல்லாம் முன்பும் இருந்தவைதான். பிரம்பு இருந்தவரை சில்லறைத் தண்டனையாக இருந்தவை, பிரம்பு போனதும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. நாம் தொடுவதே இல்லை, அதனால் அடி இல்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டோம்.

பிரம்படிக்குத் தடம் உண்டு. சாயங்காலம் குளிக்க வைக்கும்போது அம்மா பார்ப்பாள், மறுநாள் பள்ளிக்கு வந்து கேட்பாள். முட்டி போட்டதற்கு ராத்திரிக்குள் தடம் மறைந்துவிடும். சிமென்ட் தரையாக இருந்தால் அதுவும் இருக்காது. அந்தப் பையனின் முட்டியில் கல் சிக்கியிருக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. இந்தத் தண்டனைகள் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வலி முழுவதும் பிள்ளைக்கு, சாட்சி யாருக்கும் இல்லை.

இது நம் ஊரின் தனிப் பழக்கம் என்றும் எண்ண வேண்டாம். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ‘முர்கா’ என்பார்கள், சேவல். குந்தி, கைகளைக் காலுக்கு அடியில் விட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி நிற்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டத்தைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், உத்தரத்தில் கயிறு கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடுவது. பெயரும் ஊரும் மாறுகின்றன, பிள்ளையின் எடையை அந்தப் பிள்ளைக்கு எதிராகவே திருப்பிவிடுகிற வித்தை ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடப் பொருத்தமானவர்கள் பள்ளியில் யாருமே கிடையாது. கணக்கு ஆசிரியருக்கோ தமிழ் ஐயாவுக்கோ தெரியாது என்றால் சரி, மன்னித்துவிடலாம். நாம் உடற்கூறு படித்துவிட்டு வந்தவர்கள். நான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். உங்களில் சிலர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்திருப்பீர்கள், 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி. எங்கே படித்திருந்தாலும் முதல் வருடப் பாடம் ஒன்றுதான். தசை சுருங்கி விரியும்போது ரத்தம் உள்ளே வந்து போகிறது. அசையாமல் இறுக்கியபடியே வைத்திருந்தால் தசைக்குள் ரத்தக்குழாய்கள் நசுங்கும், வர வேண்டிய ஆக்சிஜன் வராது, வெளியே போக வேண்டிய கழிவு தேங்கும். அதனால்தான் நூறு மீட்டர் ஓடுகிற தொடை, சுவர் நாற்காலியில் இரண்டே நிமிடத்தில் நெருப்பாக எரிகிறது. ஓட்டத்தில் வருகிற களைப்பு ஓடி நின்றதும் தணியத் தொடங்கும். இதில் நிற்கவும் விட மாட்டோம், அசையவும் விட மாட்டோம்.

முட்டி போடும்போது உடம்பின் எடை விழும் இடத்தைப் பாருங்கள். தொடைத் தசையின் தசைநாண் முட்டிச் சில்லைத் தாண்டி வந்து, கீழே அந்த எலும்பு மேட்டில்தான் பற்றிக்கொண்டிருக்கிறது. வளர்கிற வயதில் அந்த மேடு இன்னும் முழு எலும்பாக ஆகியிருக்காது, குருத்தெலும்பாக இருக்கும். பத்து முதல் பதினைந்து வயதுக்குள் ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வலியும் வீக்கமும் வருவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஓஸ்குட் ஷ்லாட்டர் என்று தேர்வில் எழுதியும் இருக்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் யோசனைகளில் ஒன்று, முட்டியைத் தரையில் ஊன்றாதே என்பது. நன்றாக ஓடுகிற பிள்ளையைத்தான் இந்தத் தண்டனை அதிகம் கெடுக்கிறது என்பது எனக்குப் பெரிய வேதனை.

தோப்புக்கரணத்துக்கு வருகிறேன். பிள்ளையார் முன்னால் போடுகிறதுதானே சார், உடம்புக்கு நல்லதுதானே என்பார்கள். பிள்ளையார் முன்னால் மூன்று போடுவோம், ஒன்பது போடுவோம், முடியாவிட்டால் நிறுத்திவிடுவோம். பயிற்சி என்றால் எண்ணிக்கை உண்டு, நடுவில் ஓய்வு உண்டு, பழகாத உடம்புக்கு முதல் நாள் பத்து, அடுத்த வாரம் பதினைந்து என்ற ஏற்றம் உண்டு. பழக்கமே இல்லாத பிள்ளையை ஒரே மூச்சில் நூறு, இருநூறு என்று உட்கார்ந்து எழ வைத்தால், தசை நார்கள் உடைந்து அந்தச் சத்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் அபாயம் இருக்கிறது. தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். தண்டனையாகப் போட்ட உட்கார்ந்து எழும் பயிற்சியால் இது வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நாளில் இருக்கிற பெண் பிள்ளையை எல்லார் முன்னாலும் தோப்புக்கரணம் போடச் சொன்னால், அவள் நம்மிடம் காரணம் சொல்ல மாட்டாள். போடுவாள். அதற்கு அப்புறம் பி.டி. பீரியடு என்றாலே தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஜூனில் பள்ளி திறக்கிறபோது கத்திரி முடிந்திருக்கும், வெக்கை முடிந்திருக்காது. நம் கரையில் கடற்காற்று ஏறுவதற்குள் பகல் பாதி போய்விடும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளையை அந்த வெயிலில் அசையாமல் நிற்க வைத்தால் ரத்தம் காலில் தங்கி, தலைக்குப் போவது குறைந்து பொத்தென்று விழும். பிரேயரில் விழுகிற பிள்ளைகளை நாமே தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

1971-இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசு பிடித்து வைத்த 14 பேரிடம் விசாரணைக்காக ஐந்து உத்திகளைக் கையாண்டார்கள். முகத்தை மூடுவது, தூங்க விடாமல் செய்வது போன்றவற்றோடு, அவர்களைச் சுவரை நோக்கி நிற்க வைத்ததும் அதில் ஒன்று. கைகளை உயர்த்தி விரல்களைச் சுவரில் ஊன்றி, கால்களை அகட்டிப் பின்னால் தள்ளி, மணிக்கணக்கில். அந்த ஐந்து உத்திகளில் பிரம்பு இல்லை. அயர்லாந்து அரசு வழக்குத் தொடுத்து, 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த உத்திகளை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. அந்தச் சிறையும் நம் வகுப்பறையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த ஆண்களுக்கே, நிற்க வைப்பதும் சேர்ந்த அந்த உத்திகள் எவ்வளவு பெரிய கொடுமையாக முடியும் என்று அந்த நீதிமன்றம் பார்த்தது. நம் முன்னால் நிற்பது பன்னிரண்டு வயது.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். காலையில் கேட்டில் நிற்பது என் வேலை. பிரேயர் மணி அடித்த பிறகு வருகிறவர்கள் கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாக முட்டி போட்டுக் கையைத் தூக்க வேண்டும், முதல் பீரியடு மணி அடிக்கும்வரை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வாரத்தில் நாலு நாள் அந்த வரிசையில் இருப்பான். “வலையில மீன் கழட்டிட்டு வரேன் சார்” என்பான். தினமும் அதே பதில். தினமும் அதே பதிலைச் சொல்கிறானே என்றுதான் எனக்குக் கோபம் வந்தது, தினமும் அதே வேலை இருக்கிறது என்று தோன்றவில்லை. கையைத் தூக்கு என்பேன். தூக்குவான். தூக்கிய கையில் மீன் செதில் ஒட்டியிருந்து வெயிலில் மினுங்கும். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போவார்கள். நானும் ஒரு நாள் சிரித்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. கொஞ்ச நாள் ஆப்சென்ட், அப்புறம் நீண்ட நாள் விடுப்பு, அப்புறம் பெயரை எடுத்துவிட்டார்கள். கேட்டில் கூட்டம் குறைந்தது என்று தலைமை ஆசிரியர் என்னைப் பாராட்டினார்.

நான் ஓய்வு பெற்ற வருடம் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனபோது ஒருவர் கும்பிட்டார். அவன்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற மகனை முன்னால் தள்ளி, “இவனையும் உங்ககிட்ட வுடணும்னு நெனச்சேன் சார், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்றாங்க. நீங்க போட வெச்ச முட்டியிலதான் சார் நான் ஆளானேன்” என்றான்.

எட்டாவது அரையாண்டோடு நின்றவன் அவன். அந்தக் காலையில் எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மகன் பக்கத்தில் இருந்தான், சொல்லவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

“சார் அடிச்சதாலதான் நான் உருப்பட்டேன்” என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மீன் பையின் கனம் கையில் தெரிகிறது. தன்னை வலிக்கச் செய்தவர் மேல் மரியாதை வைத்திருக்கிற மனிதனுக்கு அந்த வலிக்கு ஒரு அர்த்தம் வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதை நமக்குக் கிடைத்த நற்சான்றிதழாக மாட்டி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அப்படி வந்து சொல்கிறவர்கள் சந்தையில் நம்மைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் மட்டும்தான். பார்த்ததும் எதிர்த் தெருவுக்கு மாறிப் போகிறவர்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் கடைசிப் பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியை இருந்தார். நான் கேட்டில் பிள்ளைகளை முட்டி போட வைத்திருந்ததைப் பார்த்து, எல்லார் முன்னாலும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். பெயர், வகுப்பு, மணி என்று கோடு போட்டிருந்தார், கடைசியில் அகலமாக ஒரு கட்டம், ‘ஏன்?’ “பத்து நாளைக்கு யாரையும் தண்டிக்க வேணாம் சார். எழுதி மட்டும் வைங்க” என்றார்.

பத்து நாள் எழுதினேன். திரும்பத் திரும்ப வந்தவர்கள் பதினொரு பேர்தான். ஏழு பேர் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். அந்த பஸ் வந்தால் இவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். இரண்டு பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவர்கள், அங்கன்வாடி திறந்தால்தான் விட முடியும். ஒருவன் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிறவன். சும்மா வழியில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவன் ஒரே ஒருவன். பதினொரு பேரும் அதுவரை ஒரே மாதிரி முட்டி போட்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை போக்குவரத்துப் பணிமனைக்குக் கடிதம் எழுதினார். பஸ் நேரம் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அந்த ஏழு பேரும் நேராக வகுப்புக்குப் போகலாம் என்றார். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் பால் ஊற்றுகிற பையனுக்கும் அப்படியே. வேடிக்கை பார்க்கிறவனைக் காலையில் கொடிக்கம்பம் பக்கம் கோலப்பொடி போட்டுக் கோர்ட் கோடு போடுகிற வேலையில் என்னோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் எனக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தான். முப்பது வருடத்தில் நான் கற்ற பெரிய பாடம் அந்த நாற்பது பக்க நோட்டு.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாதா? வகுப்பில் யார் அடங்காவிட்டாலும் “பி.இ.டி. சார்கிட்ட அனுப்பு” என்பதுதான் பள்ளியில் வழக்கு. நாம் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள், நம்மைப் பள்ளியின் போலீசாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். பெற்றோரும் சும்மா இருப்பதில்லை. “கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மீதி தோலை உரிச்சிடுங்க சார்” என்று சிரித்துக்கொண்டே ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு பக்கம், பையன் முறைக்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், ஒரு வார்த்தை கடிந்து சொன்னாலே செல்போனில் படம் பிடிக்கிறார்கள் என்ற பயம். எழுநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். எல்லாம் உண்மை. ஆனால் இந்தச் சுமை முழுவதையும் கடைசியில் தாங்குவது வரிசையில் முட்டி போட்டிருக்கிற பிள்ளையின் இரண்டு சில்லு என்றால், அது எந்த நியாயத்தில் சேரும்? கணக்கு வகுப்பில் நோட்டுக் கொண்டுவராததற்கு நான் தண்டனை கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. நான் அதைச் சொல்லக் கற்றுக்கொண்டது மிகத் தாமதமாக. நீங்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது, மீறினால் துறை நடவடிக்கை. அது புதுச்சேரிக்கும் பொருந்தும். அந்தச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறதே, பத்தாவது, பன்னிரண்டாவது பையன்களுக்கு இல்லையே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆவது பிரிவு 18 வயது நிறையாத எல்லாருக்கும் உண்டு. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ தருவது அதில் குற்றம். முட்டி போடுவதெல்லாம் உடல் தண்டனையில் சேராது என்றும் சொல்வார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை எடுத்துப் பாருங்கள். பெஞ்சு மேல் நிற்பது, சுவரில் நாற்காலி போல நிற்பது, பள்ளிப் பையைத் தலையில் வைத்து நிற்பது, காலுக்கு அடியில் கைவிட்டுக் காதைப் பிடிப்பது, முட்டி போடுவது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பள்ளி கேட்டில் நின்று பார்த்து எழுதியதைப் போல இருக்கும். அந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பக்கத்து நாடுகளிலும் இதே பாடுதான். வங்கதேச உயர் நீதிமன்றம் 2011-இல் பள்ளித் தண்டனைகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நேபாளம் 2018-இல் வீட்டில் அடிப்பதையும் சேர்த்தே தடை செய்தது, தெற்காசியாவில் முதல் நாடு அதுதான். சட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பிள்ளை.

சட்டத்தைவிட எனக்கு அதிகம் உறைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2 அன்று தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 2 அன்று கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் உடற்பயிற்சிக் காட்சி நடத்துவார்கள். ஒரு வருடம் போய்ப் பார்த்தேன். குட்டிப் பிள்ளைகளிலிருந்து வயதானவர்கள்வரை வந்து செய்தார்கள். அந்தக் காட்சியின் ஒழுங்கைவிட எனக்குப் பிடித்தது பிள்ளைகளின் முகம். உடம்பை அசைப்பது அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். என் பள்ளியில் ‘ஓடு’ என்று நான் சொன்னால் பிள்ளை முதலில் கேட்பது, “நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?” ஓடுவதையும் உட்கார்ந்து எழுவதையும் தண்டனையாகவே பழக்கிவிட்டு, பிள்ளைகள் விளையாட வருவதில்லை, போனையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். நம் தொழிலை நாமே கெடுத்துக்கொண்டோம் தோழர்களே.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பள்ளியில் யாரையும் முட்டி போட வைக்காதீர்கள், பிறர் அனுப்பி வைத்தாலும் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையை உட்கார வைத்து ஏன் என்று கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள். ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் எழுந்து நின்று, இந்தப் பள்ளியில் இனி இது இல்லை என்று நீங்களே அறிவியுங்கள். “தோலை உரிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் கேட் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நம் மேல் புகார் சொல்வதற்கான எண்ணை நாமே எழுதுவதா என்று தோன்றும். எழுதுங்கள், அதைப் பார்த்து உங்கள் மேல் பிள்ளைகளுக்கு வருகிற நம்பிக்கையை நீங்களே காண்பீர்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது. மூன்று வாரம் ஓட விடவில்லை, தொடைக்கு நீட்டல் பயிற்சி மட்டும் கொடுத்தேன். குறுவட்டப் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. இந்த வருடம் அவனுக்கு அது இல்லை. நேற்று மறுபடியும் ஸ்டார்ட் பழகினோம். முட்டி வைக்கிற இடத்தில் என் துண்டை நாலாக மடித்துப் போட்டேன். மெல்ல வைத்தான், வலிக்கவில்லை சார் என்றான்.

அவனுடைய பி.இ.டி. சாருக்கு: இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், எந்தப் பையன் என்று தேட வேண்டாம், அவனிடம் கேட்கவும் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நான் மைதானத்தில்தான் இருப்பேன். வாருங்கள், அவன் ஓடுவதைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கடலூர்